பல்லும் பாஸ்புக்கும்

கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு பல்லில்லாமல் இருப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஊர் அப்படித்தான் பார்க்கும். கரிசல் காட்டுக் கடலையையும் வெல்லப்பாகையும் சேர்த்து இந்த ஊர் செய்யும் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை இனி வேறு ஊர்க்காரன் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் மிட்டாயின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அதைக் கடிக்கிற பல்லைக் காப்பாற்றிக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

எனக்கு வயது 69. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். சர்க்கரையும் ஈறு நோயும் கூட்டணி வைத்தால் எந்தக் கோட்டையும் நிற்காது என்பதை என் வாயிலேயே பார்த்தேன். முதலில் கடைவாய்ப் பற்கள் ஆட்டம் கண்டன. பிறகு முன்வரிசை. கடைசியாக நின்ற நாலைந்தையும், "இதுக இருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல சார்" என்று டாக்டர் எடுத்துவிட்டார்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குப் பேரரசுகளே போயின. துக்ளக், ஷெர்ஷா, விஜயநகரம் எல்லாம் வெறும் காற்றாக வெளியே வந்தன. பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவன் பார்த்து, "நல்லாருக்கீங்களா சார்?" என்றான். நான் சொன்ன பதிலைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், கண்டிப்பா சொல்லிடுதேன்" என்று பஸ் ஏறிவிட்டான். யாரிடம் என்ன சொல்லியிருப்பான் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

மிட்டாய்க் கடைக்காரர் அதைவிட நல்லவர். என் வாயைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, வேணும்னா இடிச்சுப் பொடியாத் தரட்டுமா?" என்றார். பரிவோடுதான் கேட்டார். பரிவு சில சமயம் அடியைவிட வலிக்கும். அன்றைக்கே பல் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

பெண் பார்க்கப் போனபோது ஒரே வீட்டோடு முடித்துக்கொண்டவன் நான். பல்லுக்கு ஊர் ஊராகப் போனேன். கையில் இருந்தது தபால் நிலையத்தில் போட்டு வைத்திருந்த ஒரு லட்சத்துச் சொச்சம். அது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாத தொகை. ஆனால் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் பாஸ்புக்கும் சேர்ந்து திறந்துகொள்கிறது.

உள்ளூர் டாக்டர் சுருக்கமாகப் பேசினார். "கழட்டி மாட்டுற செட்டு. மேலும் கீழும் சேர்த்து 24,000. அஞ்சாறு வருஷம் வரும். அதுக்குள்ள ஈறு சுருங்கி செட்டு லூசாகும். உள்பக்கம் மெழுகின மாதிரி ஒரு பூச்சு கொடுத்து இறுக்கிக்கலாம். அப்புறம் புதுசு."

திருநெல்வேலி டாக்டர் பேசவே இல்லை. டிவியில் படம் போட்டார். அதில் தலையில்லாத ஒரு தாடை சுழன்றுகொண்டே வந்தது. அதற்குள் நாலு திருகுகள் இறங்கின. மேலே ஒரு வரிசைப் பல் வந்து உட்கார்ந்தது. பின்னணியில் வயலின். "மேல நாலு, கீழ நாலு. எட்டுத் திருகுல முழு வாயும் நிக்கும். கழட்டவே வேண்டாம். சொந்தப் பல்லு கணக்குத்தான்" என்றார் உதவியாளர். தொகையை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதித் திருப்பி வைத்தார். 5,60,000.

"இது வாய்க்கு மட்டுமா, இல்ல மாடியும் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டேன். பல்லில்லாமல் கேட்டதால் அவருக்குப் புரியவில்லை. "ஆமா சார், எல்லாம் அடக்கம்" என்றார்.

எல்லாம் அடக்கம் என்ற சொல்லை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ரோட்டோர போர்டுகளில் 'இம்ப்ளான்ட் ரூ.20,000 மட்டும்' என்று போட்டிருப்பார்கள். அந்த 'மட்டும்' விலையைக் குறிக்கவில்லை, பொருளைக் குறிக்கிறது. 20,000-க்கு எலும்புக்குள் போகும் திருகு மட்டும். அதன்மேல் நிற்கும் தண்டு தனி. தண்டின்மேல் உட்காரும் கேப் தனி. திருகு போட இடம் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் தனி. எலும்பு போதவில்லை என்றால் எலும்புத்தூள் தனி. போர்டில் பார்த்த தொகையும் பில்லில் பார்க்கும் தொகையும் தூரத்து உறவுகூட இல்லை. "பல்லு வாயில உக்காந்து நான் முறுக்குக் கடிக்கிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அதைத் தேதியோடு எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஊர் திரும்பியதும் கணக்கு சார் வந்தார். என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் கணக்கை விடவில்லை. இழவு வீட்டில்கூட மாலைகளை எண்ணுவார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

"செட்டு 24,000. ஆறு வருஷம்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 4,000. சரியா? இப்ப இம்ப்ளான்டு. 5,60,000-ஐ 4,000 ஆல வகுத்தா 140. ஆக, நீங்க இன்னும் 140 வருஷம் இருந்தா ரெண்டும் சமம். அதாவது உங்களுக்கு 209 வயசாகும்போது லாப நட்டம் இல்லாம வந்துரும்."

"209-க்கு மேல?"

"மேல இருக்கிற ஒவ்வொரு வருஷமும் லாபம்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி தம்ளரை வைத்த சத்தத்திலேயே அவருடைய விடைத்தாளைத் திருத்திவிட்டாள். "நல்ல நாளும் பொழுதுமா, மனுஷன் எத்தனை வருஷம் இருப்பார்னு காலண்டர்ல எழுதிக்கிட்டு! வேற கணக்கே கிடைக்கலையா?"

ஆனால் அந்தக் கணக்கு வீட்டை விட்டுப் போகவில்லை. பல் வாங்கப் போனவனிடம் எல்லோரும் ஆயுளைத்தான் கேட்டார்கள். சென்னையிலிருக்கிற மகன் போனில், "அப்பா, நல்லதா போட்டுக்கோங்க, ஒரு இருபது வருஷத்துக்குக் கவலையில்ல" என்றான். அந்த இருபது எங்கிருந்து வந்தது, யார் அவனுக்குச் சொன்னது என்று இரண்டு நாள் யோசித்தேன். தெருமுனையில் பேப்பர் படிக்கிற நண்பரோ, "இந்த வயசுக்கு மேல எதுக்கு சார் அவ்வளவு செலவு?" என்றார். அவருக்கு வயது 74. அவர் அடுத்த மாதம் புது ஸ்கூட்டர் எடுக்கிறார்.

மகன் இ.எம்.ஐ. யோசனை சொன்னான். ஃபைனான்ஸ்காரர் போனிலேயே வயதைக் கேட்டார். சொன்னேன். "சாரி சார், 65 வரைக்கும்தான்" என்றார். ஆக, திருகு இருபது வருஷம் தாங்கும் என்கிறவர் ஒருவர், அதற்குச் சொந்தக்காரன் இரண்டு வருஷம்கூடத் தாங்குவானா என்று சந்தேகப்படுகிறவர் இன்னொருவர். இருவரும் ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மகன் எடுத்துக் கொடுத்த காப்பீட்டைப் பார்த்தோம். பல் சிகிச்சை கிடையாது. விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் உண்டு. எனக்கு உடைக்கவும் பல் இல்லை. நகைக் கடன் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் மனைவியின் வளையல் பக்கம் பார்த்தது மட்டும்தான். "பார்க்காதீங்க" என்றாள். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

வரலாற்று வாத்தியாருக்குக் கஷ்டம் வந்தால், தன்னைவிடக் கஷ்டப்பட்ட ராஜாவைத் தேடுவான். எனக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கிடைத்தார். 1789-ல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடையது மரப்பல் என்று நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆராய்ந்தவர்கள் மறுக்கிறார்கள். நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பற்கள், வாயை மூடவிடாமல் தள்ளும் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்தது அவருடைய செட்டு. மூடிய உதட்டோடு டாலர் நோட்டில் அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அவருடைய 1784-ம் வருஷக் கணக்குப் புத்தகத்தில் அடிமைகளிடம் ஒன்பது பல் வாங்கியதற்கு 122 ஷில்லிங் கொடுத்த பதிவு இருக்கிறது. பணமுள்ளவன் வாயில் ஏழையின் பல். 1815-ல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக் கிடந்த சிப்பாய்களின் பல்லையும் பிடுங்கிச் செட்டுச் செய்து விற்றார்கள். பிளாஸ்டிக் பல்லைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு கெட்டி ரப்பர் வந்தது, செட்டு ஏழைக்கும் எட்டியது. அதற்கும் ஒரு கம்பெனி காப்புரிமை வைத்துக்கொண்டு, ரப்பர் செட்டுச் செய்கிற பல் வைத்தியர் ஒவ்வொருவரிடமும் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டது. 1879-ல் சான் பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் வைத்தியர், அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனைத் துப்பாக்கியால் சுட்டே கொன்றுவிட்டார். பல் கட்டும் செலவு மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு அதுதான் எல்லை. நான் திருநெல்வேலியில் தாளைத் திருப்பிப் பார்த்தபோது எவ்வளவு நாகரிகமாக நடந்துகொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இம்ப்ளான்ட் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது சிக்கனத்தில் பிறந்தது என்பதுதான். 1952-ல் சுவீடன் நாட்டு பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைட்டானியம் விலை அதிகம். வேலை முடிந்ததும் கூட்டைக் கழற்றி மறுபடி உபயோகிக்கலாம் என்று பார்த்தார். வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. காசை மிச்சம் பிடிக்கப் பார்த்த மனிதர் கண்டுபிடித்த பொருள், இன்று காசில்லாதவன் கிட்டே போக முடியாத விலையில் இருக்கிறது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் திருகு வைத்தார்கள். 2006-ல் அவர் காலமாகும்வரை அவை வேலை செய்தன.

இதைக் கணக்கு சாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. "1965, 2006. அப்ப 41 வருஷம். 69-உம் 41-உம் 110" என்று ஆரம்பித்தார். சமையலறையில் தம்ளர் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டார்.

காசில்லாதவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், வெளியே ஆவதில் ஒரு பங்குக்குச் செட்டுச் செய்து தருகிறார்கள். என் மச்சினர் அப்படித்தான் கட்டிக்கொண்டார். நேரம்தான் கூடுதலாக ஆகும். படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். "மாப்ள, அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை. நான்தான் கேள்வித்தாள். நான் வரலைன்னா அது ஃபெயில். தெனமும் போன் பண்ணி, 'அங்கிள், சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லாருக்கா'ன்னு கேக்கும். பெத்த பிள்ளைக கேக்கல" என்று பெருமைப்பட்டார். செட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணும் பாஸாகிவிட்டது. மச்சினருக்குத்தான் இப்போது போன் வருவதில்லை என்று வருத்தம்.

நான் கடைசியாகப் போனது மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம். என் மகள் வயதுதான் இருக்கும். என் ஸ்கேனைப் பார்த்தார், மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்தார். "சிகரெட் உண்டா?" என்றார். இல்லை என்றேன். திருகு எலும்போடு சேர வேண்டுமானால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை ஆகாது. "கீழ்த் தாடை முன்பக்கம் எலும்பு நல்லாருக்கு. மேல கடைவாய்ப் பக்கம் எலும்பு கம்மி. அங்க திருகு போடணும்னா எலும்புத்தூள் வைக்கணும்" என்றார்.

கூட வந்திருந்த என் மனைவி, "என்ன எலும்புங்க டாக்டர்?" என்றாள்.

"பெரும்பாலும் மாட்டு எலும்பைச் சுத்திகரிச்சு எடுக்கிறதும்மா. செயற்கையாச் செஞ்சதும் இருக்கு. இல்லைன்னா அவர் தாடையில இருந்தே கொஞ்சம் எடுத்து வைக்கலாம்."

நாங்கள் சைவம். அன்றைக்குப் புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை. மனைவி என்னைப் பார்த்தாள். என் மேல் தாடையைப் பார்த்தாள். "அவரோடதையே எடுத்து அவருக்கே வைங்க. அதுல யாருக்கும் கெடுதல் இல்ல" என்றாள். எலும்பைத் தோண்டப் போகிற தாடை யாருடையது என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகுதான் அதுவரை எந்த ஊரிலும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "சார், எத்தனை வருஷத்துக்குன்றதை விடுங்க. உங்களுக்கு என்ன சாப்பிடணும்?"

எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது. பட்ஜெட் எவ்வளவு, வயசென்ன என்று கேட்டவர்கள் உண்டு. சாப்பாட்டைக் கேட்டவர் இவர்தான். யோசித்துப் பார்த்தேன். அரசாங்கமே எனக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய தின்பண்டங்களில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் பல்லே தேவையில்லை. இரண்டும் 2019-லேயே வாங்கிவிட்டன, நானும் பல்லில்லாமலே சமாளித்துவிடுவேன். தகராறு வேறு இரண்டோடுதான். ஒன்று 2023-ல் குறியீடு வாங்கிய மணப்பாறை முறுக்கு. இன்னொன்று எங்கள் ஊர்க் கடலை மிட்டாய். சொன்னேன்.

"முறுக்குக்கு வழி இருக்கு. கடலை மிட்டாய் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடி உட்கார்ந்துகொள்வதால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அது தொந்தரவு செய்யாது. வம்பு கீழ்ச் செட்டில்தான். அதற்குப் பிடிக்க இடமில்லை. நடுவில் நாக்கு வேறு ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். வெறும் செட்டை மாட்டிக் கடித்தால் சொந்தப் பல்லின் வலுவில் கால் பங்கு கிடைப்பதே பெரிய காரியம். ஆகவே காசைக் கீழ்த் தாடையில் போட வேண்டும். கோரைப்பல் இருந்த இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டே திருகு. இரண்டின் தலையிலும் சின்னக் குமிழ். செட்டின் அடியில் அதற்கேற்ற குழி. வைத்து அழுத்தினால் சட்டையின் டிச் பட்டன் கணக்காக 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். ராத்திரி கழற்றிவிடலாம். பல்லெல்லாம் போன கீழ்த் தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய வழியே இதுதான் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்களாம். 2002-ல் எனக்குப் பல் இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

மொத்தம் 95,000. எழுதியே கொடுத்தார். திருகு, குமிழ், மேல் செட்டு, கீழ்ச் செட்டு, ஸ்கேன், எல்லாம் வரிவரியாக. மேல் தாடையில் திருகு இல்லாததால் எலும்புத்தூளும் இல்லை. மாடு தப்பித்தது. என் தாடையும் தப்பித்தது.

திருகு போட்டது எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், துளைத்தார்கள், தைத்தார்கள். பல் பிடுங்கியதைவிட வலி கம்மி. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் போல விட வேண்டும் என்றார்கள். பிரானமார்க்கின் முயல் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு கஞ்சியும் இட்லியுமாக இருந்தேன். உண்மையான கூத்து செட்டுச் செய்யும்போதுதான்.

முதலில் ஒரு தட்டில் பசையைக் குழைத்து வாய்க்குள் திணித்து அச்சு எடுத்தார்கள். ஸ்டிராபெர்ரி வாசனை. அது கெட்டியாகும்வரை மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நர்ஸ், "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். அடுத்து நிறம். சாவிக்கொத்தாக ஒரு வளையத்தில் பல் பல்லாகத் தொங்கவிட்டு என் முகத்தருகே பிடித்துப் பார்த்தார்கள். நான் அதிலேயே பளீரென்றிருந்த ஒன்றைக் காட்டினேன். டாக்டரம்மா, "உங்க வயசுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த ஏ3 தான் இயற்கையா இருக்கும்" என்றார். காசு கொடுத்து மஞ்சள் பல் வாங்குவதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. மனைவி தீர்ப்புச் சொன்னாள்: "அந்த வெள்ளையைப் போட்டா நீங்க வாறதுக்கு முன்னாடி பல்லு வரும். டாக்டர் சொல்றதையே வைங்க."

"உங்க பழைய பல் வரிசை தெரியற மாதிரி ஒரு போட்டோ கொண்டு வாங்க. அதைப் பார்த்து அடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. வீட்டில் உள்ள அத்தனை ஆல்பத்தையும் இறக்கினோம். 1982-ல் நடந்த எங்கள் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை, பெண், இரு வீட்டார், புரோகிதர், ஒருவர் வாயும் திறந்திருக்கவில்லை. போட்டோக்காரர் 'ரெடி' என்றதும் சொத்தைப் பங்கு பிரிக்க வந்தவர்கள் முகம் எல்லோருக்கும் வந்திருக்கிறது. வாக்காளர் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் தேடினோம். என் பல்லைப் பார்த்த சாட்சி இந்தியக் குடியரசில் எங்கும் இல்லை. கடைசியில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் ஒரு பையனைத் திட்டிக்கொண்டிருக்கும் குரூப் போட்டோ ஒன்று அகப்பட்டது. வாய் முழுசாகத் திறந்திருந்தது. இன்று என் வாயிலிருக்கும் வரிசை அந்தக் கோபத்தைப் பார்த்து அடுக்கியதுதான். நான் சிரித்தாலும் பழைய மாணவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறார்கள்.

மாட்டியதும் பேசிப் பழகச் சொன்னார்கள். பேப்பரைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். மௌரியர்கள் முதல் நாளே திரும்பி வந்துவிட்டார்கள், அவர்களைத் தொடங்க உதடே போதும். சோழர்கள்தான் இழுத்தடித்தார்கள். அண்ணத்தை மேல் செட்டு மூடியிருந்ததால் நாக்கு மடிந்து தொட வேண்டிய இடத்தைத் தேடி அலைந்தது. கங்கைவரை போன ராஜேந்திர சோழன் என் அண்ணத்தைத் தாண்டச் சில வாரமாயிற்று. காபியும் அப்படித்தான். மேல் அண்ணத்துக்குச் சூடு தெரியாததால், ஆறிவிட்டது என்று நம்பி விழுங்கினால் தொண்டைதான் உண்மையைச் சொல்லும். சொரசொரப்பான பற்பசை போட்டுத் தேய்க்கக் கூடாது, சோப்பும் பிரஷும் போதும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வளைந்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு ஈறுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். குமிழைப் பிடிக்கும் குழிக்குள் சின்ன வளையம் ஒன்று இருக்கிறது. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் காலண்டர் தாள் தேவையில்லை.

கையில் அளவான காசு இருக்கிறவர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வயதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் யோசனை. விலையை ஆயுளால் வகுத்தால் செட்டுக்கூட வீண் செலவு என்றுதான் விடை வரும், ஏனென்றால் கீழே இருக்கிற எண் யாருக்கும் தெரியாது. தின்ன ஆசைப்படும் பண்டத்தால் வகுங்கள், அது தெரிந்த எண். கஞ்சியும் இட்லியும் போதும் என்பவருக்கு நல்லபடியாகச் செய்த செட்டே தாராளம். கல்லூரியில் கட்டினால் இன்னும் லாபம். முறுக்கு வேண்டும் என்பவர் கீழே இரண்டு திருகு போட்டுக்கொள்ளட்டும். எட்டுத் திருகு போட முடிந்தவர்கள் யாரையும் யோசனை கேட்பதில்லை.

மணப்பாறை முறுக்கை நான் இப்போது கடைவாயில் வைத்து உடைக்கிறேன். முன்பல்லால் கடித்து இழுத்தால் மேல் செட்டு எகிறும், அதனால் கையால் ஒடித்து இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெல்ல வேண்டும். கடலை மிட்டாயைப் பொறுத்தவரை பேச்சுவார்த்தை நல்ல முறையில் நடந்துகொண்டிருக்கிறது. பொடி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் இளம்பாகில் போட்ட துண்டாகப் பார்த்து எடுத்துத் தருகிறார்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு சிக்கல். என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் செலவு நோட்டு எழுதி வருகிறாள். 95,000-ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது? மளிகை என்று எழுதலாம் என்றேன், சாப்பாட்டுக்காகச் செய்ததுதானே. ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவம் என்றும் எழுதவில்லை. "மருத்துவம்னு எழுதினா வருஷா வருஷம் வரும். நமக்கு வேண்டாம்" என்றாள். நேற்று அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். வீடு மராமத்து என்ற தலைப்பில், மொட்டைமாடி ஒழுகலுக்குத் தார் போட்ட செலவுக்குக் கீழே, 'சார் பல்லு, மேலும் கீழும்' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே, இருபது வருஷம் தாங்குமாம் என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. அது தாருக்கா எனக்கா என்று நான் கேட்கப் போவதில்லை.